இரண்டு மரம், ஒரு கைலி

எங்கள் வீட்டுக் கூடத்தின் மேற்கூரையில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. சிம்பாங் அம்பாட்டில் தாமான் வீடு வாங்கிக் குடிவந்தபோது அப்பா முதலில் போட்டது அதைத்தான். மின்விசிறிக்கு முன்னால், சாமி மேடைக்கு முன்னால். அக்கா அதில் தொங்கினாள், நான் தொங்கினேன், அக்காவின் மூத்தவன் தொங்கினான், இப்போது பத்து மாதத்துக் கைக்குழந்தை தொங்குகிறது. மலேசியாவில் எந்தத் தமிழ் வீட்டிலும் மலாய் வீட்டிலும் இப்படியொரு கொக்கியைப் பார்க்கலாம். கொக்கியில் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் ஒரு கைலி, கைலிக்குள் ஒரு பிள்ளை. நாங்கள் தொட்டில் என்போம். பாட்டிக்கு அது ஏணை. மலாய்க்காரர்களுக்கு புவாயான்.

இந்தக் கொக்கியைப் பற்றி யோசிக்க வைத்தது சென்ற பள்ளி விடுமுறையில் நான் போட்ட ஒரு பட்டியல்.

நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். துரியான் துங்கலில் இருக்கும் மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அங்கே நண்பர்களோடு மலையேறிப் பழகி, ஹாமக்கில் தூங்கவும் பழகிவிட்டேன். இந்த முறை குடும்பத்தோடு போகலாம் என்று ஆசை. இடம் ரெம்பாவ் பக்கத்தில் குனோங் டத்தோ. உயரம் சுமார் 885 மீட்டர். சிம்பாங் அம்பாட்டிலிருந்து கார் பயணம் அதிகமில்லை. உச்சிக்குப் போக வேண்டியதில்லை, அடிவாரத்தில் ஆற்றோரமாக ஓர் இரவு. பாட்டி, அம்மா, அப்பா, அக்கா, அக்கா வீட்டுக்காரர், எட்டு வயது மருமகன், கைக்குழந்தை, நான். எட்டுப் பேர். கையில் இருந்தது 500 வெள்ளி.

நல்ல பிராண்டில் ஆளுக்கு ஒரு செட் வாங்கினால் அந்த 500 வெள்ளி ஒருவருக்கே போதாது. ஆகவே மலிவானதைத் தேடினேன். கொசுவலையோடு வரும் பாராசூட் துணி ஹாமக் 65 வெள்ளி, நான்குக்கு 260. மழைக்கு இரண்டு கன்வாஸ், 90. ஒரு கூடாரம் 150. மொத்தம் சரியாக 500. எக்செல்லில் போட்டு, பெருமையோடு குடும்ப வாட்சப் குழுவில் அனுப்பினேன்.

அன்று இரவு பாட்டி கேட்டார். "நாலு தொட்டிலு யாருக்குடா?"

"எனக்கு, அப்பாவுக்கு, மாமாவுக்கு, தம்பிக்கு."

"அப்ப நாங்க?"

"கூடாரம் இருக்கு பாட்டி. குழந்தைய வச்சுக்கிட்டு நீங்க மூணு பேரும் வசதியா..."

பாட்டி சிரித்தார். கோபமில்லை. "கட்டுறது நாங்க, தூங்குறது நீங்க. அப்பவும் அப்படித்தான்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. என் கணக்கு தப்பில்லை, கூட்டல் சரியாக இருந்தது. ஆனால் 'முழுக் குடும்பத்துக்கும் மலிவாக' என்று தலைப்புப் போட்டுவிட்டு, மலிவாக்குவதற்கு நான் கண்டுபிடித்த வழி மூன்று பெண்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. அதை யோசித்துச் செய்யவில்லை என்பதுதான் உறுத்தியது. தொங்கும் துணிக்கு அடியில் யார் நிற்பது, உள்ளே யார் படுப்பது என்பது எனக்கு முன்பே யாரோ எழுதி வைத்த பட்டியல் போலிருந்தது. அதைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

*

ஹாமக் என்ற சொல் கரீபியன் தீவுகளின் தைனோ மக்களுடையது. 'ஹமாக்கா' என்றார்கள். 1492 அக்டோபரில் பஹாமாஸ் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், அந்த மக்கள் வலைபோல் பின்னிய பருத்திப் படுக்கைகளில் தூங்குவதைத் தன் குறிப்பேட்டில் எழுதினார். ஈரத்தரை, பூச்சி, பாம்பு மூன்றிலிருந்தும் தப்ப அவர்கள் கண்ட வழி அது. அடுத்த சில பத்தாண்டுகளில் தங்கச் சுரங்க வேலையும் நோயும் அந்த மக்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டன. சொற்கள் மட்டும் தப்பித்தன. ஹாமக், கனோ, பார்பெக்யூ, ஹரிகேன் எல்லாமே தைனோ மொழியிலிருந்து வந்தவை என்கிறார்கள் மொழியியலாளர்கள். நாம் இன்று கேம்ப்பிங் போகும்போது பேசும் பேச்சில் பாதி அழிந்துபோன ஒரு மக்களின் பேச்சு.

ஐரோப்பியர்கள் அந்தப் படுக்கையை ஓய்வுக்காக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலுக்காக எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயக் கடற்படை 1597-இல் கன்வாஸ் ஹாமக்குகளை ஏற்றுக்கொண்டது. கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் தொங்குவது நேராகவே இருக்கும், ஆள் உருண்டு விழமாட்டான். அதைவிட முக்கியம், இடம் மிச்சம். போர்க்கப்பலில் ஒரு மாலுமியின் ஹாமக்குக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். காலையில் சுருட்டிக் கட்டிவிட்டால் அதே இடம் பீரங்கித் தளம். செத்துப்போனால் அந்த ஹாமக்கிலேயே வைத்துத் தைத்து, காலடியில் பீரங்கிக் குண்டு கட்டிக் கடலில் விடுவார்கள். ஒருவனைக் குறைந்த இடத்தில் வைத்து, குறைந்த செலவில் தூங்க வைத்து, மறுபடி வேலைக்கு எழுப்ப இதைவிடச் சிக்கனமான சாதனம் அப்போது இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் காட்டுப் போருக்கென்று கூரையும் கொசுவலையும் ஒன்றாகத் தைத்த ஹாமக்கைச் செய்தது. இன்று ஷாப்பியில் நான் தேடிய 65 வெள்ளிப் பொருள் அதன் பேரப்பிள்ளை.

ஆக ஹாமக் பெரியவர்களுக்கானது, ஆண்களுக்கானது, வேலைக்கானது. நம்முடைய தொங்கும் துணியின் கதை வேறு.

தமிழில் இதற்குச் சொற்கள் குறைவில்லை. ஊசல், ஊஞ்சல், தூளி, ஏணை, தொட்டில். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் ஊசல் வரி இருக்கிறது. பிள்ளைத்தமிழ் நூல்களில் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரிப்பார்கள். தாலாட்டும் பருவம் மூன்றாவதாகவே வந்துவிடும். பெண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசிப் பருவம் ஊசல். பெண் குழந்தை ஊஞ்சல் ஆடுவதோடு நூல் முடிகிறது. பள்ளியில் படித்தபோது இதை மனப்பாடம்தான் செய்தேன். இப்போது வேறு மாதிரி படுகிறது. அந்தப் பெண் ஊஞ்சலிலிருந்து இறங்கியபின் என்ன ஆனாள்? அவள் தொட்டில் கட்டுகிறவளாக ஆனாள். தாலாட்டின் குரல் முழுக்க அவளுடையது. படுக்கை மட்டும் இன்னொருவருடையது.

துணியின் கதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது மலாக்காவோடு தொடர்புடையது. இங்கே ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட கைலிக்கு மலாய் மொழியில் 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் அங்கே 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு, சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளை இந்தத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். இங்கே மிளகுக்கும் கிராம்புக்கும் காசைவிடத் துணிதான் நன்றாக மாறியது. 1641-இல் அவர்கள் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவையும் பிடித்தார்கள். அதற்கு முன்பே, சுல்தான்கள் காலத்திலேயே, தமிழ் வணிகர்கள் மலாக்காவில் துணி விற்றார்கள், மலாக்கா செட்டிகள் அவர்களின் வழி வந்தவர்கள். பழவேற்காட்டுக்காரனுக்கே இன்று தெரியாமல் இருக்கலாம். அவன் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் மலாக்கா மலாய்க்காரர் தொழுகைக்கு உடுத்துகிறார், வீட்டில் பேரப்பிள்ளைக்குப் புவாயானும் கட்டுகிறார். தோட்டத்துக்குத் தமிழர்கள் வருவதற்கு முன்பே தொட்டில் துணி வந்து காத்திருந்தது.

*

பிறகு நாங்கள் வந்தோம்.

மலாயாவின் முதல் வணிகமுறை ரப்பர் தோட்டம் மலாக்காவில்தான் தொடங்கியது. 1896-இல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெரிதாக நட்டார். ரப்பருக்கு ஆள் வேண்டும். கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி உருவானபின் வருபவர்களின் கப்பல் செலவைத் தோட்ட முதலாளிகள் கட்டும் வரி ஏற்றுக்கொண்டது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்தும்வரை கப்பல்கள் ஓடின. டெக் பயணிகளுக்கு ஹாமக் கிடையாது. பாய் விரித்தார்கள்.

முதலில் ஆண்கள் அதிகம் வந்தார்கள், பிறகு பெண்களும். பால் வெட்டுக்குப் பெண்ணின் கை நல்லது என்பார்கள், கூலியில் அது தெரியாது. 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தை இருந்தால்?

ரப்பர் மரத்தை வெயில் ஏறுவதற்குள் வெட்ட வேண்டும். விடிகாலையில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அதனால் பெரட்டு இருட்டிலேயே நடக்கும். பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பல தீம்பார்களில் ஆயாக்கொட்டாய் இருந்தது. வேலை செய்ய முடியாத வயதான ஒரு பெண் ஆயாவாக இருப்பார். நீளமான கொட்டாய், உத்தரத்தில் வரிசையாகப் புடவைத் தொட்டில்கள். ஆயா ஒரு கயிற்றை இந்தக் கையிலும் இன்னொன்றைக் கால் பெருவிரலிலும் மாட்டிக்கொண்டு ஆட்டுவார் என்று பாட்டி செய்து காட்டினார். அம்மாவும் அங்கே தொங்கியவர்தான்.

ஆனால் பாட்டியின் மூத்த பிள்ளை, என் பெரியம்மா, ஆயாக்கொட்டாயில் இல்லை. அப்போது பாட்டிக்கு ஒதுக்கிய நிரை லயத்திலிருந்து வெகுதூரம். பால் கொடுக்க நடுவில் வந்து போக முடியாது. அதனால் பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டுக்கே போனார். நிரையில் முதல் மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே தாத்தாவின் கைலியைக் கட்டுவார்.

"எவ்ளோ தூரம் பாட்டி மரத்துக்கு மரம்?"

"பத்து அடி, பன்னெண்டு அடி இருக்கும். அளந்தா பாத்தோம்? கயிறு கட்டுறப்ப வெட்டுப் பட்டைக்கு மேல கட்டணும். பட்டையில கயிறு ஒரசினா மண்டோரு கத்துவாரு. மரத்துக்கு வலிக்குமாம்."

பத்துப் பன்னிரண்டு அடி என்பது மூன்று மூன்றரை மீட்டர். ஹாமக் கட்டுகிறவர்கள் இணையத்தில் தேடித்தேடிப் படிக்கும் இடைவெளியும் கிட்டத்தட்ட அதுதான். நான் அதைச் சொன்னபோது பாட்டிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தேங்காய் மட்டையைக் கொளுத்திக் கொசுவுக்குப் புகை போட்டுவிட்டு வெட்டத் தொடங்குவார். ஐந்தாறு மரம் வெட்டிவிட்டு ஓடிவந்து ஓர் ஆட்டு ஆட்டுவார். மறுபடி ஐந்தாறு மரம். வெட்டி முடித்து, மங்குகளில் பால் சேரக் காத்திருக்கும் நேரம்தான் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம். பிறகு வாளியில் சேர்த்துக் காண்டாவில் தூக்கிக்கொண்டு, முதுகில் பிள்ளையோடு ஸ்டோருக்கு நடை.

"அந்த நேரத்துல நீங்க கொஞ்சம் அதுல சாஞ்சுக்க மாட்டீங்களா?"

"நான் ஏறுனா கைலி கிழிஞ்சு போகும். உங்க தாத்தாக்கு ரெண்டே கைலி."

பாட்டி தானே படுத்திருந்த முதல் தொட்டில் கைலிகூட இல்லை. அவர் பிறந்தது 1943, ஜப்பான்காரன் காலம். கப்பல் வரத்து நின்று துணிப் பஞ்சம் நாடெங்கும். தோட்டத்து மக்கள் சாக்கை வெட்டி உடுத்தினார்கள். அவருடைய அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. அந்தப் பாதையைப் பற்றி ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்கள் நம்மிடம் இருக்கின்றன. லயத்தில் மிஞ்சியவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்பதைப் பாட்டி சொல்லித்தான் கேட்டேன். அவருடைய அம்மா அரிசிச் சாக்கைத் துவைத்துத் துவைத்து மிருதுவாக்கித் தொட்டில் கட்டினாராம். "என் முதுகு பூரா கோடு கோடா இருக்கும்னு எங்கம்மா சொல்லும். சாக்குச் சணலு பட்ட தழும்பு. அப்புறம் மறைஞ்சிருச்சு."

இப்போது அந்தத் தீம்பாரில் ரப்பர் இல்லை. சிம்பாங் அம்பாட்டைச் சுற்றி எங்கு பார்த்தாலும் செம்பனைதான். செம்பனைக்கு நடுவே தொட்டில் கட்ட யாரும் நினைக்கமாட்டார்கள். மட்டை விழும், குலை விழும், அடிமரம் முழுக்க முள்ளும் செதிலும். லயத்தை விட்டு ஆட்கள் தாமானுக்கு வந்தபோது மரத்திலிருந்த தொட்டில் கூரைக் கொக்கிக்கு வந்தது. ஸ்பிரிங் வந்தது. பிறகு ஸ்பிரிங்கை ஆட்ட மின் மோட்டாரும் வந்துவிட்டது. மோட்டார் வாங்கிய வீட்டிலும் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பது அம்மாதான்.

*

பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். கேள்வி இப்போது 500 வெள்ளிக்கு எத்தனை ஹாமக் வாங்கலாம் என்பதல்ல. ஏழு ஹாமக்கை எப்படி 500 வெள்ளிக்குள் கொண்டுவருவது என்பது. குழந்தைக்கு மட்டும் பாய், தனியாக ஒரு சிறிய வலை. குழந்தை மருத்துவர்கள் கைக்குழந்தை இரவில் தட்டையான, உறுதியான பரப்பில் தூங்குவதே பாதுகாப்பு என்கிறார்கள். காட்டில் இருட்டில் துணிக்குள் குழந்தையைத் தொங்கவிட எனக்குத் துணிவில்லை. பாட்டியும் இதை ஒத்துக்கொண்டார்.

வழியைக் காட்டியது அம்மா. ஹாமக் படத்தைப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு பக்கமும் சுருக்கம் வச்ச துணிதானே? இதுக்கா 65 வெள்ளி?" என்றார். உண்மைதான். ஹாமக் என்பது மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள துணி. இரு முனையையும் மடித்து ஒரு குழல்போல் தைத்து, அதற்குள் கயிறு விட்டு இழுத்தால் முடிந்தது. பாவாடைக்கு நாடா கோப்பது போல. துணிக்கடையில் அழுத்தமான பருத்தி கலந்த துணி மீட்டர் 6 வெள்ளிக்குக் கிடைத்தது. ஏழு பேருக்கு 21 மீட்டர், 126 வெள்ளி. அம்மாவின் தையல் இயந்திரம் இருபது வருடமாக வீட்டில் இருக்கிறது.

மரத்தில் கட்டுவதற்கு ஓர் அங்குல அகல பாலியெஸ்டர் பட்டை. மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். நைலான் ஈரமானால் நீளும், நடு இரவில் முதுகு தரையைத் தொடும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. ஆளுக்கு ஆறு மீட்டர், மொத்தம் 42 மீட்டர், மீட்டர் ஒன்றரை வெள்ளி, 63 வெள்ளி. இரும்புக் கொக்கிகள் வேண்டாம், முடிச்சே போதும். கொசுவலை ஏழு, ஒன்று 18 வெள்ளி, 126. வலை ஹாமக்கை அடியிலும் சேர்த்து மூட வேண்டும், முதுகுப்பக்கம் துணியோடு சேர்த்துக் கடிக்கும் கொசு உண்டு. கன்வாஸ் நான்கு, மூன்றுக்கு நான்கு மீட்டர், தள்ளுபடியில் ஒன்று 40 வெள்ளி, 160. ஒரு கன்வாஸுக்குக் கீழே இரண்டு ஹாமக் பக்கத்தில் பக்கத்தில் கட்டலாம். நூல், கயிறு, சில்லறை 22. மொத்தம் 497 வெள்ளி. ஏழு பேர். மூன்று வெள்ளி மிச்சம்.

அடுத்தது பலம். இங்கே என் வேலை உதவியது. தொழிற்சாலையில் பாரம் தூக்கும்போது பட்டை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அதில் எவ்வளவு இழுவிசை விழும் என்று கணக்கிடுவோம். ஹாமக்கும் அதே கணக்கு. 70 கிலோ ஆள் படுத்திருக்க, பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 பாகை இறங்கியிருந்தால் ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவிசை. 10 பாகைதான் என்றால் 200 கிலோவைத் தாண்டும். 5 பாகை என்றால் 400 கிலோ. கயிற்றை வீணைத் தந்திபோல விறைப்பாக இழுத்துக் கட்டினால் வசதியாக இருக்கும் என்று நினைத்துப் புதியவர்கள் செய்யும் தவறு இதுதான். துணி அறுவதும் தையல் விடுவதும் மரம் சாய்வதும் அதனால்தான். நன்றாகத் தொய்ய விட வேண்டும். அதில் நேராகப் படுக்காமல் கொஞ்சம் குறுக்காகப் படுத்தால் முதுகு வளையாது. பாட்டி கட்டிய ஏணையின் படத்தை வரைந்து காட்டச் சொன்னேன். அவர் விரலால் காற்றில் போட்ட வளைவு என் 30 பாகைக்கு நெருக்கமாகத்தான் இருந்தது.

தைத்த முதல் ஹாமக்கை வாசல் தூணிலும் கார் கொட்டகைத் தூணிலும் கட்டி, பத்துக் கிலோ அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தோம். பக்கத்து வீடுகளிலும் இரவல் வாங்கிப் பன்னிரண்டு மூட்டை, 120 கிலோ. ஓர் இரவு முழுக்கத் தொங்கவிட்டோம். காலையில் அம்மா தையலைத் தடவிப் பார்த்து, ஒரு பக்கம் நூல் லேசாக இழுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். எல்லாவற்றுக்கும் இன்னும் இரண்டு வரிசைத் தையல் போட்டார். வேலைக்குப் போகும் முன் தினம் ஒன்று என்று ஒரு வாரத்தில் ஏழும் முடிந்தன. பட்டைகளை வெட்டி முனை உருக்கியது நானும் அப்பாவும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த முறையும் தைத்தது அம்மாதான். அக்கா வீட்டுக்காரர் ஒரு நாள் இயந்திரத்தில் உட்கார்ந்து முயன்றார், துணி ஓரமாக ஓடிவிட்டது. அதைப் பிரித்துத் தைத்ததும் அம்மா.

வனத்துறை அனுமதி எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். மரம் தேர்வது பாட்டியிடம் விட்டோம். காய்ந்த கிளை மேலே இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார், அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார், வேர்ப்பக்கம் வெள்ளையாகப் பூசணம் இருக்கிறதா என்று காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். ரப்பரில் வெள்ளை வேர் நோய் வந்தால் பச்சையாக நிற்கும் மரமே திடீரென்று சாயும். அதைப் பார்த்து வளர்ந்த கண். இரண்டு மரங்களை வேண்டாம் என்றார். எனக்கு அவை நல்ல மரங்களாகத்தான் தெரிந்தன.

பாட்டியுடையதை நாற்காலி உயரத்துக்குக் கட்டினேன். முதலில் துணியை விரித்து நடுவில் உட்கார வேண்டும், பிறகு காலைத் தூக்க வேண்டும், இரண்டையும் ஒன்றாகச் செய்தால் கவிழ்ந்துவிடும். பாட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் துணியின் இரு ஓரத்தையும் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார்.

"கிழியாதாடா?"

"120 கிலோ வச்சுப் பாத்தோம் பாட்டி. நீங்க 48 கிலோ."

அம்மாவும் அக்காவும் இரண்டு பக்கமும் நின்று காலைத் தூக்கி வைத்தார்கள். பாட்டி உள்ளே போனதும் துணி அவரை மூடிக்கொண்டது, வெளியே மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது. எட்டு வயதுக்காரன் ஓடிவந்து ஆட்டத் தொடங்கினான். "மெதுவாடா, மெதுவா" என்றார் உள்ளேயிருந்து. அம்மா தன் ஹாமக்கில் பத்து நிமிடம் படுத்தார், பிறகு தேத்தண்ணி போட எழுந்துவிட்டார். அப்பா அடுப்பைப் பற்றவைக்கப் போய், "நீ படு, நான் போடுறேன்" என்றார். தேத்தண்ணி சுமார்தான். ஆனால் அம்மா படுத்தபடியே குடித்தார், பாதி துணியில் கொட்டியது.

இரவில் மழை பெய்தது. கன்வாஸ் ஒன்று நடுவில் தண்ணீர் சேர்ந்து தொங்கி, அக்கா வீட்டுக்காரரின் காலை நனைத்தது. சாய்வு போதவில்லை, என் தவறு. பருத்தி கலந்த துணி ஈரத்தை விடாது. அடுத்த முறை ஓரத்தைத் தாழ்த்திக் கட்ட வேண்டும். அக்கா குழந்தைக்காக இரண்டு முறை இறங்கினாள், மூன்றாம் முறை அவள் வீட்டுக்காரர் இறங்கினார், எப்படியும் நனைந்துவிட்டதால்.

விடிவதற்கு வெகுமுன்னால் எனக்கு விழிப்பு வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், நாலே முக்கால். பாட்டியின் வலைக்குள் அசைவு தெரிந்தது. கண் திறந்துதான் இருந்தார்.

"என்ன பாட்டி, முழிச்சிட்டீங்களா? எறக்கி விடட்டா?"

"வேணாம். இந்நேரத்துக்கு முழிப்பு வந்துரும், அது பழக்கம். பெரட்டு நேரம்."

நான் திரும்பப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலிருந்து மறுபடி குரல் வந்தது.

"இன்னிக்கு பெரட்டு இல்லயில்ல. நான் வெளிச்சம் வந்து எறங்கிக்கிறேன். நீ தூங்கு."

வெளிச்சம் வந்தது. ஏழரை வரை இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஏழையும் துவைத்துக் கொடியில் காயப்போட்டோம். ஆறை நான் மடித்து ஸ்டோர் அறையில் வைத்தேன். ஏழாவதைத் தேடினேன், காணோம். பாட்டி தன் அலமாரியில், தன் புடவைகளோடு மடித்து வைத்திருந்தார்.